திருப்புளியும் சைக்கிள் டியூபும்: பிள்ளைகளுக்கான செய்முறைப் பொறியியல் முகாம் பற்றிய கேள்வி பதில்

கடந்த 8 கோடைகளாக 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குச் செய்முறை முகாம் நடத்தி வருகிறேன். தேர்வு முடியும் காலமாதலால் பெற்றோரிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே விஷயத்தைப் பற்றியவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு தாய்): எங்கள் பகுதியில் மூன்று இடங்களில் முகாம் நடக்கப்போகிறது. மூன்றுமே ‘ரோபோட்டிக்ஸ்’ என்றுதான் விளம்பரம் செய்கின்றன. எதில் சேர்ப்பது?

பதில்: சென்ற ஆண்டு பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற பொருள்களின் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இருபது பிள்ளைகளும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒரே வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால், அங்கே நடந்தது வாங்கி வந்த பாகங்களைப் பூட்டுகிற வேலை மட்டுமே. ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், கோணலும் மாணலுமாக, பெவிக்கால் வழிந்த பொருள்கள் இருந்தால் நம்பிச் சேர்க்கலாம். பெரியவர் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் கேளுங்கள். அறுக்கும் கருவிகள் புழங்கும் இடத்தில் 6 பேருக்கு ஒருவர் என்பது என் கணக்கு. கடைசியாக, பிள்ளை செய்தது ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நடத்துபவரிடமே கேளுங்கள். “நாங்களே சரிசெய்து கொடுத்துவிடுவோம்” என்று பெருமையாகச் சொன்னால், நானாக இருந்தால் வேறு இடம் பார்ப்பேன்.

கேள்வி (கோவை): செய்தது ஓடாமல் போனால் என் மகள் அழுதுவிடுவாள். சரிசெய்து கொடுப்பதில் என்ன தவறு?

பதில்: ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் முகாமில் முதல் நாள் செய்வது எளிய மின்மோட்டார். டார்ச் செல்லின் இரு முனைகளிலும் முனைக்கு ஒன்றாக ஊக்குகளை ரப்பர் வளையத்தால் இறுக்கி, செல்லின் முதுகில் ஒரு காந்தத்தை ஒட்ட வேண்டும். எனாமல் பூசிய தாமிரக் கம்பியைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுருளின் இரு முனைகளையும் ஊக்குகளின் துளைகளில் அமர்த்தினால் சுருள் சுழலும். கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுதாகவும், மறுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் பாதியாகவும் சுரண்ட வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இரு முனைகளையும் பளபளவென்று சுரண்டிவிட்டாள். சுருள் அரைச்சுற்றுத் திரும்பி, தயங்கி, வந்த வழியே ஆடி நின்றுவிட்டது. அவளுக்கும் கண் கலங்கியது. நான் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது எளிதில்லை என்பதை நடத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள். காந்தத்தைத் திருப்பி வைத்தாள், செல்லை மாற்றினாள், பிறகு அடுத்த மேசையில் ஓடிக்கொண்டிருந்த சுருளை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து, ஒரு முனையின் பாதியில் தன் நகப்பூச்சைத் தடவி, அது காயும் வரை ஊதிக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடியது. சுற்றின் மறுபாதியில் மின்சாரம் தொடர்ந்தால் அது சுருளைப் பின்னுக்கு இழுக்கும், ஆகவே அங்கே அதைத் துண்டிக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கேள்வி (சேலம்): விலையுயர்ந்த கிட் (பாகங்கள் அடங்கிய ஆயத்தப் பெட்டி) இல்லாத முகாமில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

பதில்: எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டுபவரும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவருமான அரவிந்த் குப்தா, டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நிறுவனத்தில் பணியாற்றியபோது 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கையில் எடுத்தவை தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி இருபுறமும் குச்சியைச் செருகினால் வளையக்கூடிய மூட்டு கிடைத்துவிடுகிறது. நான்கு குச்சிகளில் செய்த சதுரத்தை விரலால் தள்ளினால் சரிந்துவிடும், மூன்று குச்சிகளில் செய்த முக்கோணம் அசையாது. ரயில் பாலங்களில் முக்கோணங்கள் நிறைந்திருப்பது ஏன் என்பதைப் பிள்ளை விரல் நுனியிலேயே தெரிந்துகொள்கிறது. கிட் கெட்டது என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு வயதுக்கு மேல் நிரல் எழுதப் பழகும்போது அது உதவும்.

கேள்வி (நாகர்கோவில்): ரம்பம், சால்டரிங் (ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டுவது) எல்லாம் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், வயதும் முறையும் அறிந்து. கலிஃபோர்னியாவில் கீவர் டல்லி 2005இல் தொடங்கிய டிங்கரிங் ஸ்கூல் முகாமில் பிள்ளைகள் உண்மையான கருவிகளால் மரம் அறுத்து, தாங்களே ஏறி உட்காரும் அளவுக்குப் பெரிய பொருள்களைக் கட்டுகிறார்கள். எங்கள் முகாமில் எட்டு வயதிலிருந்து ஹேக்சா உண்டு. ஆனால் மரக்கட்டையை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கிய பிறகே அறுக்க வேண்டும், கட்டையைக் கையில் பிடித்து அறுக்கக் கூடாது. சால்டரிங் பதினொரு வயதுக்கு மேல்தான். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், ஈயம் கலந்த கம்பியைத் தொட்டபின் கை கழுவுவதும் கட்டாயம். 230 வோல்ட் மின்சாரம் எந்தச் செய்முறைக்கும் கிடையாது.

பெற்றோர் ரம்பத்துக்கு அஞ்சுகிறார்கள், கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற சிறு வட்டப் பேட்டரியான பொத்தான் செல்லைக் கவனிப்பதில்லை. விழுங்கப்பட்ட பொத்தான் செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டுக்கு அத்தகைய செல் பொருத்திய எதையும் நான் கொடுத்தனுப்புவதில்லை.

கேள்வி (வேலூர்): எங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறது. அது போதாதா?

பதில்: 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென்றே அமைந்த ஆய்வகம் அது. மே மாதத்தில் பத்து நாள் திறந்து வைக்கத் தலைமையாசிரியர் இசைந்தால், பணம் கட்டி வேறெங்கும் போக வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): முகாமுக்கு அனுப்ப வசதியில்லை. வீட்டிலேயே பழைய சாதனங்களைப் பிரிக்கக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. என் முதல் தேர்வு பழுதான பிரிண்டர். மோட்டார்கள், பல்சக்கரங்கள், வழவழப்பான எஃகுத் தண்டுகள் என்று ஒரு புதையலே அதற்குள் இருக்கிறது. திருப்புளியைக் கொடுப்பதற்கு முன் பிளக் வயரை நீங்களே வெட்டி எறிந்துவிடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் பழைய குழாய் டி.வி.யும் மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அவற்றைத் திறக்கவே வேண்டாம். சி.எஃப்.எல். விளக்கில் பாதரசம் இருக்கிறது, செல்போன் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கழற்றிய திருகுகளைப் போட்டுவைக்க முட்டை அட்டை ஒன்று கொடுங்கள். எந்தக் குழியில் எந்தப் பாகத்தின் திருகு என்று பிள்ளையே பென்சிலால் எழுதிக்கொள்ளட்டும்.