குண்டு பல்பைக் கழற்றும் முன்

கேள்வி: வீட்டில் இன்னும் எட்டு குண்டு பல்புகள், எல்லாம் 60 வாட். நன்றாக எரிகிற பல்பைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. ஃபியூஸ் போகப் போக எல்இடிக்கு மாற்றினால் போதாதா? எத்தனை வாட் வாங்குவது?

பதில்: அதிக நேரம் எரிகிற பல்புகளுக்கு அப்படிக் காத்திருப்பது சிக்கனம்போலத் தோன்றும், ஆனால் நஷ்டம். குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மற்றதெல்லாம் சூடு. நாளுக்கு 5 மணி நேரம் எரியும் 60 வாட் பல்புக்கு மாதம் 9 யூனிட் போகிறது. ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 1.35 யூனிட். ஒரே பல்பில் இவ்வளவு மிச்சம். ஆனால் பரணில் வாரத்துக்கு ஐந்து நிமிடம் எரிவதை மாற்றி எதைச் சேமிக்கப்போகிறீர்கள்? அது தானாகச் சாகட்டும்.

வாங்கும்போது வாட்டை மறந்துவிடுங்கள். அது பல்பின் செலவைச் சொல்லுமே தவிர, வெளிச்சத்தைச் சொல்லாது. அட்டைப்பெட்டியில் 'லூமன்' என்ற எண்ணைத் தேடுங்கள். 60 வாட் குண்டு பல்புக்கு ஈடாக 800 லூமன், 40 வாட்டுக்கு 450, 100 வாட்டுக்கு 1500 என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நிறம். பலர் ஏமாறுவது இங்கேதான். 2700 கெல்வின் என்றால் உங்களுக்குப் பழகிய மஞ்சள் ஒளி. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறையில் 6500-ஐ மாட்டிவிட்டு 'எல்இடியே கண்ணுக்கு ஆகவில்லை' என்று குறைசொல்பவர்கள் ஏராளம். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஒரு வாரம் எரித்துப் பாருங்கள். அதன் வெளிச்சத்தில் ஒரு சிவப்புத் துணியைப் பிடியுங்கள். செங்கல் தூள்போல மங்கித் தெரிந்தால் நிறங்களைச் சரியாகக் காட்டாத பல்பு அது. பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்) 90 அல்லது அதற்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எல்இடி பல்பின் பெட்டியில் 25,000 மணி நேரம் எரியும் என்று போட்டிருந்தது. கூரையில் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினேன். எட்டே மாதத்தில் போய்விட்டது. போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம், எனக்குச் சந்தேகம் கூண்டின் மேல்தான். எல்இடி குறைவாகத்தான் சூடாகும். ஆனால் அந்தச் சூடு குண்டு பல்பைப்போல ஒளியோடு வெளியேறாமல் பின்பக்கம், கழுத்துப் பகுதியில் தேங்கும். 'டிரைவர்' எனும் சிறு மின்சுற்று இருப்பதும் அங்கேதான். காற்றுப் போகாத கூண்டில் அதிலுள்ள கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் சிறு உறுப்பு) நாளடைவில் உலர்ந்துபோகும். ஒளி தரும் சில்லுகள் நன்றாகவே இருக்கும், டிரைவர் செத்திருக்கும். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பல்பை வாங்குங்கள், அல்லது கூண்டைக் கழற்றுங்கள். ரசீது இருந்தால் உத்தரவாதக் காலத்தைப் பார்த்து மாற்றிக் கேளுங்கள். பெட்டியில் உள்ள கணக்குப்படி நாளுக்கு 5 மணி நேரம் வீதம் 13 ஆண்டுக்கு மேல் எரிய வேண்டும். ரசீதை அத்தனை காலம் யார் வைத்திருப்பார்கள் என்று கேட்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மின்மினிபோல மினுங்குகிறது. பழைய பல்பில் இப்படி இல்லையே?

பதில்: சுவிட்சில் சிறு சிவப்பு விளக்கு இருக்கிறதா? அதன் வழியே கசியும் துளி மின்சாரம் குண்டு பல்பின் இழையை அசைக்காது; எல்இடிக்கு அதுவே போதும். விளக்கில்லாத சுவிட்சாக மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். சுவிட்சில் விளக்கே இல்லையென்றால், சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியை விட்டு, அது திரும்பிப்போகும் நியூட்ரல் கம்பியைத் துண்டிக்கும்படி இணைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை அந்தப் பல்பில் கை வைக்காதீர்கள்.