கோடையில் வெளிறும் ஊதாக் கத்தரி: சத்துக் குறைவா, ஒளிக் குறைவா?

கேள்வி: மாடித்தோட்டத்தில் தை மாதம் அடர் ஊதாவாகக் காய்த்த கத்தரிச் செடிகள், சித்திரையில் நிழல்வலை கட்டிய பிறகு வெளிறிய காய்களையே தருகின்றன. உரக்கடையில் நுண்ணூட்டக் கலவை தெளிக்கச் சொல்கிறார்கள். தெளிக்கலாமா?

பதில்: தெளிக்க வேண்டாம். அதே செடிகள் மூன்று மாதங்களுக்கு முன் நல்ல நிறத்தில் காய்த்திருப்பதால் விதையில் குறையில்லை. இலைகள் பசுமையாக இருந்து, பூவும் பிஞ்சும் வழக்கம்போல் பிடிக்கின்றன என்றால், மாறியிருப்பவை ஒளியும் வெப்பமும்தான். நன்கு நிறமேறிய ஊதாக் கத்தரிக்காய் ஒன்றை எடுத்து, காம்பை ஒட்டிய பச்சைப் புல்லிகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். பல ரகங்களில் அவற்றுக்கு அடியிலுள்ள தோல் வெண்மையாக இருக்கும். ஒரே காய், ஒரே சத்து. ஆனால் வெயில் படாத இடத்தில் மட்டும் நிறம் இல்லை.

அந்த ஊதா நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருகிறது. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைப் பல நொதிகள் படிப்படியாக மாற்றி இதனை உருவாக்குகின்றன. இறுதிக் கட்டங்களுக்குரிய நொதிகளின் மரபணுக்களை இயக்குவது தனியொரு புரதம் அன்று. எம்ஒய்பி, பிஎச்எல்எச், டபிள்யூடி40 என்ற மூன்று வகைப் புரதங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. முதலாவது, குறிப்பிட்ட மரபணுக்களின் முன்பகுதியை இனங்கண்டு அதில் அமர்கிறது. இரண்டாவது அதனுடன் இணைந்து மரபணுவின் படியெடுத்தலை, அதாவது அதன் தகவலை நகலெடுக்கும் பணியை, தூண்டுகிறது. மூன்றாவது மற்ற இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கியாக நிற்கிறது. மக்காச்சோள மணியிலும் பெட்டூனியா இதழிலும் நிறத்தைத் தீர்மானிப்பது இதே மூவர் கூட்டுதான் என்பதும், பெட்டூனியாவில் மூன்றில் எது பழுதானாலும் இதழ் வெளிறிவிடும் என்பதும் இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவத்தைக் காட்டுகின்றன.

உங்கள் செடிகளில் இக்கூட்டமைப்பு பழுதாகவில்லை. அது போதிய அளவில் அமையவில்லை. இருளில் காப்1 என்னும் புரதம், தன் துணைப் புரதங்களுடன் சேர்ந்து வேறொரு கூட்டமைப்பாக இயங்கி, நிறமி உற்பத்தியைத் தூண்டும் புரதங்களுக்கு அழிப்புக் குறியிடுகிறது. குறியிடப்பட்டவற்றைச் செல் சிதைத்துவிடுகிறது. நீல ஒளி பட்டதும் கிரிப்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் காப்1-ஐப் பிடித்து அடக்குகிறது. அதன்பிறகே எம்ஒய்பி புரதம் பெருகி, மூவர் கூட்டு அமைந்து, தோலில் நிறம் ஏறத் தொடங்குகிறது. ஆகவே நிழல்வலை ஒளியைக் குறைப்பதோடு, நிறமியைத் தடுக்கும் கூட்டமைப்பின் கையையும் ஓங்கச் செய்கிறது. கடும் வெப்பமும் இதே திசையில்தான் வேலை செய்கிறது என்பதால், சித்திரை வெயிலில் வலையை முழுவதுமாக நீக்கிவிட்டாலும் தை மாதத்து நிறம் அப்படியே திரும்பும் என்று எதிர்பார்க்க இயலாது.

ஐயம் இருந்தால், வலைக்கு வெளியே நல்ல வெளிச்சத்தில் இருக்கும் பிஞ்சு ஒன்றின் நடுவில் அலுமினியத் தாளைப் பட்டையாகச் சுற்றி, காய் பெருக இடம்விட்டு, பத்து நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். பட்டை இருந்த இடம் வெளிறியிருந்தால் காரணம் உறுதி.

வலையைக் காலையிலும் மாலையிலும் சுருட்டி வைத்து, உச்சிவெயில் நேரத்தில் மட்டும் விரித்தால் செடியும் வாடாது, காய்களுக்கும் ஒளி கிடைக்கும். காய்களை மறைக்கும் முதிர்ந்த இலைகள் இரண்டொன்றைக் கிள்ளிவிடலாம். நிறமேற உதவும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கூரைத் தகட்டின் கீழ் கத்தரி வைக்க வேண்டாம்; பசுமைக்குடிலில் கத்தரி வளர்க்கும் ஜப்பானிய விவசாயிகள் அத்தகைய படலங்களை இந்தக் காரணத்துக்காகவே தவிர்க்கிறார்கள். தழைச்சத்து உரத்தையும் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதிலிருந்து வரும் நைட்ரேட் மிகும்போது ஆந்தோசயனின் உற்பத்தியை அடக்கும் மரபணுக்கள் செடியில் விழித்துக்கொள்கின்றன.

அடுத்த கோடைக்கு விதை வாங்கும்போது, புல்லிக்கு அடியிலும் ஊதாவாக இருக்கும் ரகமாகத் தேர்ந்தெடுங்கள். அத்தகைய ரகங்கள் நேரடி ஒளியை நம்பியிராததால், நிழலிலும் ஓரளவு நிறம் காக்கும். இப்போது செடியிலுள்ள வெளிறிய காய்களில், இளம் பிஞ்சுகள் வெளிச்சம் பட்டதும் நிறமேறக்கூடும். முற்றியவற்றைக் காத்திருக்காமல் பறித்துச் சமைத்துவிடுங்கள்.