சவுதார் குளத்தோடு நிறுத்தியிருக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் சவுதார் குளத்துத் தண்ணீருக்காக தலித் மக்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்காக நீங்கள் எழுதிய வரலாற்றை என் பத்து வயது மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்கும் இடம்வரை உற்சாகமாகக் கேட்டாள். பிறகு வரும் அடிதடியில் முகம் வாடிவிட்டது. "நகராட்சியே குடிக்கலாம்னு சொல்லியாச்சே, அப்புறம் ஏம்மா அடிச்சாங்க?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் குடித்ததோடு நிறுத்தியிருக்கலாமோ?

எஸ்., தாராவி, மும்பை

அன்புள்ள எஸ்.,

அங்கே நிறுத்தியிருந்தால் உங்கள் மகளுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் எழுதியதே இதற்காகத்தான்.

நடந்ததை அப்படியே சொல்லுங்கள். பொது நீர்நிலைகளை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று சட்டமன்ற உறுப்பினர் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை பம்பாய் சட்டமன்றம் 1923-ல் ஏற்றது. மறு வருடம் மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டது, காகிதத்தில். தலித் மக்களால் கரைக்குக்கூடப் போக முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஊர்வலமாகப் போய்க் குடித்தார்கள். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று சாதி இந்துக்கள் வதந்தி கிளப்பிவிட்டு, பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக்கூட அடித்தார்கள். திருப்பி அடிக்கத் துடித்தவர்களை அம்பேத்கர் தடுத்தார். சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தது ஊர். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. குளம் யாருக்கு என்ற வழக்கில் தலித் மக்கள் உயர் நீதிமன்றத்தில் ஜெயிக்க 1937 ஆனது.

பத்து வருடம்! பிள்ளைகளுக்கான வரலாற்றில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பத்து வருடம்தான். ஒரு தலைவர், ஒரு நாள், உடனே வெற்றி என்று படித்து வளர்கிற பிள்ளை, நாளை தான் தட்டிக் கேட்ட அநியாயம் மறுநாளே மாறாவிட்டால் சோர்ந்துபோகும்.

காயங்களை நான் வர்ணிப்பதில்லை. யார் அடித்தார்கள், எதற்காக என்பதை மறைப்பதும் இல்லை. தாராவியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் எத்தனை! அந்தத் தாத்தா பாட்டிகளில் பலர் எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்று பேரப்பிள்ளைகளிடம் யார் சொல்கிறார்கள்?

அவளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள், அம்பேத்கரே எழுதி வைத்தது. 1901-ல் சிறுவன் பீமராவும் உடன் வந்த பிள்ளைகளும் அப்பாவைப் பார்க்கப் புதுத்துணி உடுத்தி ரயிலில் வந்து மசூரில் இறங்குகிறார்கள். சாதியைச் சொன்னதும் அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறிவிடுகிறது. இரட்டைக் கூலி தந்தும் மாட்டு வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டியிருந்தது. வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். கையில் சாப்பாடு இருந்தும், தண்ணீர் தர ஆளில்லாமல் பசியோடு படுத்தார்கள்.

மகாட், கோவா போகும் சாலையில்தான் இருக்கிறது. விடுமுறையில் கூட்டிப்போய் அந்தக் குளத்தைக் காட்டுங்கள்.