எதிரணி வீரர் ஊக்கமருந்தில் சிக்கினால் தோற்ற ஆட்டம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். போன மாதம் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் 1–1 என்று நின்று, சமநிலை தவிர்ப்பு உதையில் 4–3 எனத் தோற்றோம். எங்களுக்கு எதிராகக் கோல் போட்ட பொடியன் ஓட்டப்போட்டிகளிலும் ஓடுகிறவன். எங்கள் ஆட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு கொழும்பில் ஒரு மெய்வல்லுநர் போட்டியில் எடுத்த அவனுடைய சிறுநீரில் ஊக்கமருந்து இருந்ததாம். இப்போதுதான் தெரியவந்திருக்கிறது. மழையால் இறுதிப்போட்டி தள்ளிப்போயிருக்கிறது. முடிவை மாற்றி எங்களை இறுதிக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம் தம்பி, கிடைக்காது. ஏன் என்பதையும், எந்தத் திகதியை நீங்கள் விசாரித்து வைத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

உதைபந்தாட்டம் குழு விளையாட்டு. வாடா எனப்படும் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவர் நிலையத்தின் விதிக்கோவையில் 11ஆம் பிரிவு குழு விளையாட்டுக்கென்றே எழுதப்பட்டது. பீஃபாவும் அதன்படியே நடக்கிறது. ஒரு தொடர் நடக்கும் காலத்துக்குள் ஓர் அணியில் இரண்டு பேருக்கு மேல், அதாவது குறைந்தது மூன்று பேர், குற்றவாளிகள் என்று உறுதியானால்தான் அணிமீது கட்டாயம் கை வைக்க வேண்டும். அப்போது புள்ளியை வெட்டலாம், தொடரிலிருந்தே நீக்கலாம். இரண்டு பேர் சிக்கினால் மற்றவர்களையும் குறிவைத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஒருவர் மட்டும் சிக்கினால் தண்டனை அவரோடு நின்றுவிடும்.

உங்கள் கதை 2003இல் வேல்ஸுக்கு அப்படியே நடந்தது. 2004 ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போவது வேல்ஸா ரஷ்யாவா என்று முடிவுசெய்ய இரண்டு ஆட்டங்கள். மொஸ்கோவில் 0–0. அந்த ஆட்டத்துக்குப் பின் ரஷ்ய வீரர் யெகோர் டிட்டோவிடம் மாதிரி எடுத்தார்கள். அன்று அவர் மாற்று வீரர்களோடு வாங்கிலேயே இருந்தவர். நான்கு நாள் கழித்துக் கார்டிஃபில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் இறங்கி விளையாடினார். ரஷ்யா 1–0 என்று வென்று தகுதி பெற்றது. பிறகுதான் மாதிரியில் புரோமன்டான் என்ற மருந்து இருந்தது தெரிந்தது. வேல்ஸ் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கத்திடம் போனது, விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வரை போனது. இரண்டு இடத்திலும் தோல்விதான். ரஷ்யச் சங்கத்துக்கு இதில் பங்கு இருந்ததாகக் காட்ட முடியவில்லை. டிட்டோவுக்கு ஒரு வருடத் தடை. ரஷ்யா போர்த்துக்கலுக்குப் போய் விளையாடியது.

மரடோனாவை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 1994 உலகக் கிண்ணத்தில் நைஜீரியாவை ஆர்ஜென்டீனா 2–1 என்று வென்றபின் எடுத்த மாதிரியில் எபிட்ரின் என்ற ஊக்கமருந்து. அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்த வெற்றியைத் தொடவில்லை. மறுபக்கம், 2011 மகளிர் உலகக் கிண்ணத்தில் வடகொரிய அணியில் ஐந்து பேர் சிக்கினார்கள். அந்த அணிக்கு 2015 உலகக் கிண்ணத்தில் இடமே இல்லாமல் போனது.

இதில் எனக்கே விசித்திரமாகப் படுவது ஒன்று. உங்கள் ஊர்ப் பொடியன் அன்று கொழும்பில் 100 மீற்றர் ஓடிப் பதக்கம் வாங்கியிருந்தால் அது போய்விடும். அஞ்சலோட்டமும் ஓடியிருந்தால் கூட ஓடிய மூன்று பேரின் பதக்கமும் சேர்ந்து போகும். 2008 பெய்ஜிங் அஞ்சலோட்டத் தங்கத்தை உசைன் போல்ட் 2017இல் திருப்பிக் கொடுத்தது கூட ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரியால்தானே! அதே போத்தல் சிறுநீர், உதைபந்தாட்டத்துக்கு வந்தால் ஒரு கோலைக்கூட அழிக்காது. அஞ்சலோட்டத்தில் நான்கில் ஒரு பங்கு ஓட்டம் அவனுடையது என்று அளந்து சொல்லலாம். பதினொரு பேர் 90 நிமிடம் ஓடும் ஆட்டத்தில் அந்தக் கணக்கு நிற்காது என்பதுதான் விதியை எழுதியவர்களின் யோசனை. எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. பதினொருவரில் மூவர் என்பது ஒரு கணக்கு. நம் பக்கம் நடக்கும் ஏழு பேர் ஆட்டத்தில் மூவர் என்றால் பாதி அணி அல்லவா?

சரி, அந்தத் திகதிக்கு வருவோம். மருந்து எடுத்தவன் விளையாடியது ஒன்று. தடையில் இருப்பவன் விளையாடியது வேறொன்று. இரண்டாவது, தகுதியில்லாத வீரரை இறக்கிய குற்றம், அது அணியின் தலையில் விடியும். பீஃபா ஒழுக்காற்று விதிப்படி வழக்கமான தண்டனை ஆட்டத்தை 3–0 என்று எதிரணிக்குக் கொடுப்பது. நம்மூரில் வேறு கழகத்தில் பதிந்த ஆளை வேறு பெயரில் இறக்குவார்களே, அதே வகைக் குற்றம். நான் நடுவராக நின்ற காலத்தில் மாங்குளம் பக்கம் ஓர் ஆட்டத்தில், 9ஆம் இலக்கக்காரனின் பெயரைக் கேட்டபோது அவன் திரும்பித் தன் பயிற்றுநரின் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது மாதிரி எடுத்த திகதியை அல்ல, தற்காலிகத் தடை அவனுக்கு அறிவிக்கப்பட்ட திகதியை. அது உங்கள் அரையிறுதிக்கு முந்தியிருந்தால் உங்கள் கையில் பலமான முறைப்பாடு இருக்கிறது. நீங்கள் சொல்கிறபடி முடிவே ஆட்டத்துக்குப் பிறகுதான் வந்தது என்றால் அந்தக் கதவும் பூட்டுத்தான். ஆனால் தடை விழுந்திருந்தால் இனி அவன் இறுதிப்போட்டியில் இறங்க முடியாது. மெய்வல்லுநர் போட்டியில் விழுந்த தடை, சம்மேளனத்தின்கீழ் பதிவான லீக் நடத்தும் உதைபந்தாட்டத்துக்கும் செல்லும். பதிவில்லாத ஊர்ச் சுற்றுப்போட்டி என்றால் ஏற்பாட்டுக் குழு அச்சடித்துக் கொடுத்த விதித்தாள்தான் சட்டம்; அதைத் தேடி எடுங்கள்.

முறைப்பாடு செய்யுமுன் புள்ளிக் கணக்கையும் பாருங்கள். 2018 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் பொலிவியா தகுதியில்லாத நெல்சன் கப்ரேராவை இறக்கியது என்று சிலி முறையிட்டது. 0–0 என முடிந்த ஆட்டம் சிலிக்கு 3–0 ஆனது, இரண்டு புள்ளி கூடியது. கப்ரேரா பெருவுக்கு எதிராகவும் இறங்கியிருந்ததால் தோற்றிருந்த பெருவுக்கு மூன்று புள்ளி. கடைசியில் இரண்டும் 26 புள்ளியில் நிற்க, கோல் வித்தியாசத்தில் பெரு மேலே போனது. சிலி வீட்டில் இருந்து உலகக் கிண்ணம் பார்த்தது.

இன்னொன்று. ‘ஊக்கமருந்து இருந்ததாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஆம்’ பெரிய இடைவெளி. மாதிரி கொடுக்கிறவர் தன் பெட்டியைத் தானே தெரிவுசெய்வார், அதிகாரி பார்த்திருக்கக் குறைந்தது 90 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும், அதைத் தானே இரண்டு போத்தலில் ஊற்றி மூடித் திருகுவார். ஏ போத்தலில் பிடிபட்டால் பி போத்தலைத் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அண்மையில் எடுத்த குளிசைகளையெல்லாம் படிவத்தில் எழுதுவார்; தடிமனுக்கு எடுத்த குளிசையில் சூடோஎபிட்ரின் இருந்து, அளவு கூடி மாட்டியவர்களும் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தும் ஆய்வுகூடம் பிழைவிடலாம். 2015 டிசம்பரில் ஊக்கமருந்தில் சிக்கியதாகச் சொல்லி இலங்கைக் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை நியூசிலாந்திலிருந்து திருப்பி அழைத்தார்கள்; 2016 மே மாதம் கட்டார் ஆய்வுகூடம் தன் முடிவை மீளப்பெற, குற்றச்சாட்டே கைவிடப்பட்டது. இடையில் இருபது ஓவர் உலகக் கிண்ணம் முடிந்துவிட்டது.

அதனால் இதை முகப்புத்தகத்தில் போட வேண்டாம். கழகப் பொடியங்களிடமும் சொல்லிவையுங்கள். 2013ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கை ஊக்கமருந்து எதிர்ப்பு முகவர் நிலையம் அறிவித்தால் அது செய்தி. அதுவரை அது இருபது வயதுப் பொடியன் ஒருவனின் பெயர்.

(போன கிழமை வேறொருவர், ‘எதிரணிக்காரர் கள்ளுக் குடித்துவிட்டு விளையாடினார்கள், முறையிடலாமா’ என்று கேட்டிருந்தார். மதுசாரம் வாடாவின் பட்டியலில் இல்லை. அது நடுவரின் மூக்குக்குரிய விஷயம்.)

அடுத்த வருடத்துக்கு ஒன்று செய்யலாம். 11ஆம் பிரிவே, தொடரை நடத்துகிறவர்கள் இதைவிடக் கடுமையான விதி வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஏற்பாட்டுக் குழு கூடும்போது, ஏழு பேர் ஆட்டத்தில் இருவர் சிக்கினாலே அணி வெளியே என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முறைப்பாடு எத்தனை மணித்தியாலத்துக்குள், யாரிடம், எவ்வளவு கட்டணத்தோடு என்பதும் அதில் இருக்கட்டும். இப்போதைக்கு ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு சின்னக் கடிதம் போதும்: ‘குறித்த வீரருக்குத் தற்காலிகத் தடை அறிவிக்கப்பட்ட திகதியை அறியத் தரவும்.’ இரண்டு பிரதி எடுத்து, உங்களுடையதில் குழுச் செயலாளரின் கையொப்பமும் நேரமும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.