மேட்லாப் தெரியாமல் ஜெர்மனிக்கு வரலாமா?

"அண்ணா, அக்டோபரில் ஸ்டுட்கார்ட் வருகிறேன், முதுநிலை இயந்திரவியல். கல்லூரியில் சி நிரல்மொழி மட்டும்தான் படித்தேன். மேட்லாப் தெரியாவிட்டால் திண்டாடுவேனா? காசு கட்டி வகுப்பில் சேரட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

காசு வேண்டாம் தம்பி. கணக்கீட்டு மென்பொருளான மேட்லாப்பை விற்கும் மேத்வொர்க்ஸ் நிறுவனமே 'ஆன்ராம்ப்' என்ற அறிமுகப் பாடத்தை இலவசமாகத் தருகிறது, இரண்டு மணி நேர வேலை. மென்பொருளையும் வாங்காதீர்கள். இங்கே பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு உரிமம் தருகின்றன, சேர்ந்ததும் கணினி மையத்தில் கேளுங்கள். அதுவரை மேட்லாப் போலவே இயங்கும் ஆக்டேவ் என்ற மென்பொருள் போதும். அதுவும் இலவசம்தான், அடிப்படைக் கட்டளைகள் ஏறக்குறைய அப்படியே ஓடும். கட்டப்படம் வரைந்து அமைப்புகளைப் பாவனை செய்யும் சிமுலிங்க் மட்டும் அதில் கிடையாது.

சி படித்தவருக்குச் சிரமம் வேறு இடத்தில் வரும். 1970களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர் என்ற பேராசிரியர், மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதாமலே அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்குப் போடட்டும் என்று உருவாக்கியது மேட்லாப். நாமோ எதற்கெடுத்தாலும் ஃபார் லூப் எழுதுவோம். பத்தாயிரம் அளவீடுகளை இருமடங்காக்க லூப் எதற்கு? வரிசையை அப்படியே 2ஆல் பெருக்குங்கள். இரண்டு அணிகளுக்கு நடுவே நட்சத்திரக் குறி மட்டும் போட்டால் அணிப் பெருக்கல், அதற்கு முன் ஒரு புள்ளி வைத்தால் உறுப்புக்கு உறுப்பு பெருக்கல். ஒரே அளவுள்ள சதுர அணிகள் என்றால் இரண்டுமே பிழைச்செய்தி இல்லாமல் ஓடும், விடைதான் வேறு. இதில் கவனமாக இருங்கள்.

அப்புறம், இந்த ஊருக்கே உரிய ஒன்று. ஜெர்மனியில் இரண்டரையை 2,5 என்று காற்புள்ளி போட்டுத்தான் எழுதுவார்கள். நான் மாணவ உதவியாளராக ஆய்வகத்தில் இருந்தபோது, தாளில் இருந்த மூன்று அளவீடுகளை [2,5 3,1 4,2] என்று அப்படியே தட்டிவிட்டேன். மேட்லாப்புக்குக் காற்புள்ளி என்றால் அடுத்த உறுப்பு. மூன்று எண்கள் ஆறாகிவிட்டன. சராசரி 3.27 வரவேண்டிய இடத்தில் 2.83 வந்தது. நம்பும்படியான எண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, இரண்டு வாரம் அதை வைத்தே வரைபடம் போட்டோம். அன்றிலிருந்து எந்தத் தரவை உள்ளே எடுத்தாலும் முதலில் சைஸ் கட்டளை கொடுத்து எத்தனை உறுப்பு என்று பார்த்துவிடுவேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள். கோப்பிலிருந்து படிக்கும்போது தசமக் குறி எது என்று சொல்லும் வசதியும் உண்டு.

விசைப்பலகையும் கொஞ்சம் படுத்தும். இங்கே சதுர அடைப்புக்குறிக்கு ஆல்ட்-ஜிஆர் விசையோடு 8, 9 அழுத்த வேண்டும். சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க உதவும் பின்சாய்வுக்கோடு, சுழியத்துக்கு அடுத்த விசையில் இருக்கிறது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

கிளம்ப இன்னும் நாள் இருக்கிறதல்லவா? உங்கள் ரெக்கார்ட் நோட்டில் இழுவிசைச் சோதனை இருக்கும். அந்த அட்டவணையை ஆக்டேவில் ஏற்றி, தகைவு-திரிபு வரைபடம் போட்டு, நேர்க்கோட்டுப் பகுதியின் சாய்விலிருந்து யங் குணகத்தைக் கண்டுபிடியுங்கள். எஃகு என்றால் 200 கிகாபாஸ்கல் பக்கம் வரவேண்டும். வராவிட்டால் நிரலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.