பிரான்ஸின் டெர் ஏரியில் பெருங்கொக்குகளை (Common Crane) பார்க்க எப்போது போகலாம்?
அக்டோபர் கடைசி முதல் நவம்பர் முடிய. தெற்கே வலசை போகும் வழியில் அப்போது இங்கே தங்கும். இந்த ஏரியில் தங்கக் காரணம் தண்ணீர்தான். மார்ன் ஆற்று வெள்ளத்தைத் தேக்க 1974-இல் முடித்த ஏரி இது. கோடையில் திறந்துவிடுவதால் இலையுதிர் காலத்தில் மட்டம் இறங்கிச் சேற்றுத் திட்டுகள் தெரியும். நரி எளிதில் நெருங்க முடியாத அந்த இடங்களில் பறவைகள் இரவு தங்கும்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே கரைக்குப் போய்விடுங்கள். முதலில் எக்காளம் போலக் குரல் கேட்கும், பிறகுதான் வரிசைகள் தெரியும். கழுத்தை நீட்டிப் பறந்தால் பெருங்கொக்கு. மடக்கியிருந்தால் சாம்பல் நாரை.

பகலில் ஏரியில் தேடாதீர்கள், அறுவடையான மக்காச்சோள வயல்களில் மேயும். காரைவிட்டு இறங்கினால் கூட்டமே எழுந்துவிடும். உள்ளிருந்தே பாருங்கள், 8 மடங்கு பைனாகுலர் போதும். பெரியவற்றோடு பழுப்புத் தலையுடன் ஒட்டி நடப்பது அந்த வருடக் குஞ்சு.

பிப்ரவரி கடைசியில் வடக்கே திரும்பும்போது இன்னொரு வாய்ப்பு உண்டு.