அமினோ அமிலம் ஃபேக்டரில எப்படித் தயாராகுது?

கேள்வி: புரோட்டீன் பவுடர், கோழித் தீவனம், ஆஸ்பத்திரில ஏத்துற டிரிப்ஸ்னு பல இடத்துல, புரோட்டீனைக் கட்டுற சின்னத் துண்டான அமினோ அமிலம் சேர்க்குறாங்களே, இதெல்லாம் இயற்கையா, கெமிக்கலா?

பதில்: நிறைய பேர் இதெல்லாம் கெமிக்கல்னே முடிவு பண்ணிடுறாங்க, ஆனா இன்னைக்கு ஃபேக்டரில வர்ற அமினோ அமிலத்துல பெரும்பகுதியை உண்டாக்குறது உயிரோட இருக்குற பாக்டீரியாதாங்க.

முதல்ல இயற்கையில என்ன நடக்குதுன்னு பார்ப்போம். செடி மண்ணுல இருந்து நைட்ரேட், அம்மோனியம்னு நைட்ரஜனை உறிஞ்சி, சர்க்கரை உடையும்போது கிடைக்கிற கார்பன் துண்டோட சேர்த்து முதல்ல குளூட்டமின், குளூட்டமேட்னு ரெண்டு அமினோ அமிலம் பண்ணிக்குது, அப்புறம் அந்த நைட்ரஜனை மத்த கார்பன் துண்டுங்களுக்கு மாத்தி மாத்திக் குடுத்து, புரோட்டீனுக்கு வேண்டிய 20 வகையும் தானே தயார் பண்ணிடும். நம்மால அது முடியாது, 9 வகை சாப்பாட்டுல இருந்துதான் வந்தாகணும்.

தொழில் ஆரம்பிச்சது ஜப்பான்ல. 1908ல கிகுனே இகெடாங்கிற வேதியியல் விஞ்ஞானி கொம்புங்கிற கடல்பாசியில இருந்து குளூட்டமேட்டைப் பிரிச்செடுத்தார், அடுத்த வருஷமே அது சாப்பாட்டுக்கு ருசி கூட்டுற பொருளா விற்பனைக்கு வந்துடுச்சு. ஆனா அப்போ கோதுமைப் புரோட்டீனை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கொதிக்க வச்சுத்தான் எடுத்தாங்க, ஆசிட் தொல்லை, கழிவு வேற. 1950கள்ல கியோவா ஹக்கோ கம்பெனில ஷுகுவோ கினோஷிட்டா குழு, குளூட்டமேட்டை வெளிய விடுற ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சதும் கதையே மாறிடுச்சு. பேரு கோரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம். பயோட்டின் விட்டமினைக் குறைச்சுக் குடுத்தா, அது குளூட்டமேட்டை உள்ள வச்சுக்காம வெளிய கொட்டும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது தீவனத்துல சேர்க்குற லைசின்ங்கிற அமினோ அமிலத்தோட விஷயம். பொதுவா எந்த பாக்டீரியாவும் தனக்குத் தேவையானதுக்கு மேல பண்ணாது, லைசினும் திரியோனின்ங்கிற இன்னொரு அமினோ அமிலமும் சேர்ந்து போதுமான அளவு ஆனதும், ரெண்டையும் தயாரிக்கிற வழியில பொதுவா இருக்குற முதல் என்சைமை அதுங்களே பிரேக் மாதிரி பிடிச்சு நிறுத்திடும். ஆராய்ச்சியாளர்கள் என்ன பண்ணாங்கன்னா, திரியோனின் பக்கம் போற வழி அடைபட்ட பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்து, அது உயிர் வாழுற அளவுக்கு மட்டும் திரியோனினை வெளியிலிருந்து குடுத்தாங்க. திரியோனின் சேரவே இல்ல, அதனால பிரேக்கும் பிடிக்கல, லைசின் மட்டும் குவிஞ்சுக்கிட்டே போச்சு! எவ்வளவு அழகான யோசனை பாருங்க. இப்பவும் தீவன லைசின் சர்க்கரைக் கரைசல்ல பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்குறாங்க.

கேள்வி: அப்போ கெமிக்கலா பண்றதே இல்லையா?

பதில்: இருக்கு. கிளைசின், மெத்தியோனின் ரெண்டும் பெரும்பாலும் கெமிக்கல் வழிதான். மெத்தியோனினுக்கு அக்ரோலின், மீத்தைல் மெர்கேப்டன், ஹைட்ரஜன் சயனைடுனு மூலப்பொருள் எல்லாம் பயங்கரமா இருக்கும், ஆனா கடைசில கிடைக்கிற மூலக்கூறுல சயனைடு கிடையாது. இப்படி செய்யும்போது எல், டி னு கண்ணாடி பிம்பம் மாதிரி ரெண்டு வடிவமும் பாதிப்பாதி வரும், புரோட்டீன் கட்ட எல் வடிவம்தான் வேணும். கோழியோட உடம்பு டி மெத்தியோனினை எல் வடிவமா மாத்திக்கும், அதனால தீவனத்துல கலவையாவே போடலாம். கிளைசின்ல இந்த எல், டி வித்தியாசமே கிடையாது. ஆனா லைசினை இப்படிக் கலவையா பண்ணா பாதி வீணாத்தான் போகும், அதுக்கு எல் வடிவத்தை மட்டும் குடுக்குற பாக்டீரியாதான் சரி.